ஏரி நிரம்பிய வருடத்தில் ஒரு கடல்நீர் ஆலை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இருக்கிறது நெம்மேலி. சாலைக்குக் கிழக்கே, கடலை ஒட்டி, சென்னைக் குடிநீர் வாரியத்தின் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். 2010 பிப்ரவரியில் தி.மு.க. ஆட்சியில் அடிக்கல் நாட்டினார்கள். 2013 பிப்ரவரி 22 அன்று அ.தி.மு.க. ஆட்சியில் ஜெயலலிதா திறந்துவைத்தார். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் என்பது அதன் திறன். வேளச்சேரி, திருவான்மியூர், சோழிங்கநல்லூர் எனத் தென்சென்னையின் குழாய்களுக்குப் போகும் தண்ணீர் இது.

அதற்குப் பிறகு வானம் இரண்டு முறை தீர்ப்பை மாற்றி எழுதியது. 2015 நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. ஊரே தண்ணீரில் மிதக்கும்போது, கடலில் இருந்து தண்ணீர் எடுக்க இத்தனை கோடி கொட்டியது எதற்கு என்று யாருக்கும் தோன்றும். அடுத்த ஆண்டே வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2018-ல் மறுபடியும் பொய்த்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சேர்ந்து தங்கள் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட வைத்திருக்கவில்லை. அப்போது அதே ஆலை தீர்க்கதரிசனமாகத் தெரிந்தது.

ஆலை மாறவில்லை. கட்டலாம் என்று முடிவெடுத்தபோது மேசையில் இருந்த காகிதங்களும் மாறவில்லை. மாறியது மழை மட்டும். மழையைப் பார்த்து முடிவுக்கு மதிப்பெண் போடும் இந்தப் பழக்கத்தைச் சீட்டு மேசையில் பிழைப்பு நடத்துகிறவர்கள் வெகுகாலம் முன்பே கண்டுகொண்டார்கள். போக்கர் ஆட்டக்காரர்கள் இதை ‘ரிசல்டிங்’ என்கிறார்கள். தொழில்முறை ஆட்டக்காரராக இருந்த ஆனி டியூக் 2018-ல் எழுதிய புத்தகத்தின் மூலம் அந்தச் சொல் மேசையைத் தாண்டி வெளியே வந்தது. டியூக் சீட்டுக்கு வருமுன் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர்.

மங்காத்தாவில் யோசிக்க ஒன்றுமில்லை. உள்ளேயா வெளியேயா, அவ்வளவுதான். போக்கரில் அப்படி இல்லை. டெக்சஸ் ஹோல்டம் என்ற வகையை எடுத்துக்கொள்வோம். கையில் இரண்டு இஸ்பேட். மேசையில் திறந்திருக்கும் நான்கு சீட்டுகளில் இன்னும் இரண்டு இஸ்பேட். ஐந்தாவது சீட்டு திறக்க வேண்டும். அதுவும் இஸ்பேடாக வந்தால் ஐந்து இஸ்பேட் சேர்ந்து ஜெயித்துவிடலாம், வராவிட்டால் தோல்வி என்று வைத்துக்கொள்வோம். 13 இஸ்பேடில் நான்கு கண்ணுக்குத் தெரிகின்றன, ஒன்பது பாக்கி. 52 சீட்டில் ஆறு தெரிந்தவை, 46 தெரியாதவை. ஆக 46-க்கு ஒன்பது. ஐந்து முறை ஆடினால் ஒருமுறைகூட முழுசாக வராது.

எதிராளி பந்தயம் கட்டிவிட்டார். நடுவில் 1,000 ரூபாய் கிடக்கிறது. ஆட்டத்தில் தொடர 200 ரூபாய் போட வேண்டும். போடலாமா?

இதே நிலை 46 முறை வருகிறது என்று நினைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஒன்பது முறை ஆயிரம் ரூபாய் வரவு: 9,000. மீதி 37 முறை இருநூறு ரூபாய் செலவு: 7,400. மிச்சம் 1,600. ஒரு தடவைக்குச் சராசரியாக 34 ரூபாய் 78 காசு லாபம். இதுதான் எதிர்பார்ப்பு மதிப்பு. பெயர் கொஞ்சம் ஏமாற்றும். 34 ரூபாய் 78 காசு ஒருநாளும் யார் கைக்கும் வரப்போவதில்லை. ஆயிரம் வரும் அல்லது இருநூறு போகும். பெரும்பாலும் போகும். ஆனாலும் 200 ரூபாய் போடுவதே சரி. அதே சீட்டுகள், நடுவில் அதே 1,000 ரூபாய், ஆனால் தொடர 500 ரூபாய் போட வேண்டும் என்றால் கணக்கு தலைகீழாகும்: 9,000 வரவு, 18,500 செலவு. அப்போதும் போட்டு, இஸ்பேட் வந்து, பணத்தை அள்ளிக்கொண்டு போனவர் செய்தது தவறான முடிவுதான். அன்றைக்குப் பிழைத்துக்கொண்டார்.

இந்தக் கணக்கின் வேர் 1654-ல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில் இருக்கிறது. பாதியில் நின்றுபோன சூதாட்டத்தின் பணத்தை எப்படிப் பங்கு பிரிப்பது என்ற சச்சரவுதான் அவர்களை யோசிக்க வைத்தது. மூன்று ஆண்டு கழித்து ஹைகன்ஸ் அதைச் சிறு நூலாகவே எழுதிவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தமிழ்நாட்டு வாசகருக்குத் துரோகம். 2022-ல் தமிழக அரசு இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அவை திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அந்தப் பட்டியலை நீக்கியது. 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்து பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பார்க்காமல் மொத்தமாகத் தடை செய்தது. திறமையா இல்லையா என்ற வழக்கில் அதிகம் பேசப்படாத எண் ஒன்று உண்டு: ஒவ்வொரு ஆட்டத்திலும் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் கமிஷன். மேசையில் இருப்பவர்கள் ஒருவர் பணத்தை ஒருவர் வாங்குகிறார்கள், நடுவில் ஒரு பங்கு வெளியே போகிறது. ஆகவே எல்லா ஆட்டக்காரர்களையும் சேர்த்து எடுத்த சராசரி எதிர்பார்ப்பு மதிப்பு எப்போதும் பூஜ்யத்துக்குக் கீழேதான். கணக்குத் தெரிந்த சிலர் மேலே இருப்பார்கள். கடன் வாங்கி ஆடிய பலர் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

முடிவை விளைவால் எடை போடுவது படிக்காதவர் செய்யும் தவறு என்று நினைக்க வேண்டாம். ஜொனாதன் பேரன், ஜான் ஹெர்ஷி என்ற இருவர் 1988-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். 55 வயதுக்காரர் ஒருவருக்கு இதயத்தில் பைபாஸ் அறுவை. அந்த அறுவையில் இறக்கும் வாய்ப்பு 8 சதவீதம். மருத்துவர் அறுவை செய்ய முடிவெடுக்கிறார். நோயாளி பிழைத்தார் என்று ஒரு முறையும், இறந்தார் என்று இன்னொரு முறையும் கதையை முடித்து, மருத்துவரின் முடிவு எப்படி என்று கேட்டார்கள். பிழைத்த கதையில் மருத்துவருக்குக் கூடுதல் மதிப்பெண். இரண்டு கதையிலும் அவருக்குத் தெரிந்தது ஒன்றேதான். அந்த 8 சதவீதமும் ஒன்றேதான்.

நெம்மேலிக்கு வருவோம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. மணலும் பாசியும் வடிகட்டிய நீரை, காற்றழுத்தத்தைப் போல அறுபது மடங்கு அளவுக்கு அழுத்தி, மெல்லிய சவ்வுச் சுருள்களின் வழியே தள்ளுகிறார்கள். தண்ணீர் அந்தப் பக்கம் போகும், உப்பு இந்தப் பக்கம் நிற்கும். வீட்டு ஆர்.ஓ. கருவி செய்வதும் இதே வேலைதான், அழுத்தம் மட்டும் மிகக் குறைவு. உள்ளே வரும் கடல்நீரில் பாதிக்கும் குறைவாகத்தான் குடிநீராகும். மிச்சம் ஏறக்குறைய இரட்டிப்பு உப்போடு கடலுக்கே திரும்பும். இத்தகைய ஆலைகளில் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும். 10 கோடி லிட்டருக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு லட்சம் யூனிட். மழை நீர் ஏரிக்குச் சும்மா வருகிறது. இது சும்மா வருவதில்லை. வடக்கே காட்டுப்பள்ளியில் 2010-ல் திறந்த மீஞ்சூர் ஆலையோ, தனியார் கட்டி நடத்தி விற்கும் ஒப்பந்தம். ஆயிரம் லிட்டர் 48 ரூபாய் 66 காசு என்று விலை பேசித்தான் குடிநீர் வாரியம் வாங்க ஒப்புக்கொண்டது.

செலவுப் பக்கம் இப்படி. வரவுப் பக்கத்தைப் பார்க்க 2019 கோடைக்குப் போக வேண்டும். நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் கொடுத்துவந்த வாரியம் 52 கோடிக்கு இறங்கியிருந்தது. காலிக் குடங்கள் வரிசையில் லாரிக்குக் காத்திருந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் தண்ணீர் ஏற்றிய ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அமைச்சர்கள் நேரில் வந்து வரவேற்ற அந்த ரயிலில் இருந்தது 25 லட்சம் லிட்டர். நெம்மேலி ஆலை முழுத் திறனில் ஓடும் ஒரு நாள் உற்பத்தியை ரயிலில் கொண்டுவர வேண்டுமானால் அப்படி நாற்பது ரயில் வேண்டும். லாரியில் என்றால், 12,000 லிட்டர் லாரிகள் எட்டாயிரத்து முந்நூறு லோடு அடிக்க வேண்டும், ஒவ்வொரு நாளும்.

இனி பேச்சுக்கு ஒரு கணக்கு. எண்கள் கற்பனை, முறைதான் முக்கியம். ஓர் ஆலையால் ஆண்டுக்கு 200 கோடி ரூபாய் கூடுதல் செலவு. கடும் வறட்சி ஆறு ஆண்டுக்கு ஒருமுறை. அந்த ஆண்டில் ஆலை தடுக்கும் இழப்பு 1,500 கோடி. ஆறு ஆண்டில் 1,200 கோடி செலவழித்து 1,500 கோடியைக் காப்பாற்றுகிறோம். கட்டியது சரி. ஆனால் ஆறில் ஐந்து ஆண்டுகள் அது வெள்ளை யானையாகவே தெரியும். இப்போது வறட்சி எட்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் என்று மாற்றினால் 1,600 கோடி செலவில் 1,500 கோடி மிச்சம், அதாவது நட்டம். அப்போதும் வறட்சி வந்த ஆண்டில் ஆலையைப் புகழாதவர் இருக்க மாட்டார். ஆலை வேண்டுமா வேண்டாமா என்பவர்கள் மோத வேண்டிய இடம் இதுதான்: வறட்சி எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, வந்தால் இழப்பு எவ்வளவு, அதே பணத்துக்கு வேறு என்ன கிடைக்கும். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள், தலா நாலரைக் கோடி லிட்டர் திறனில், 2019-ல் வந்தன. குழாய்க் கசிவை அடைப்பது, ஏரியைத் தூர்வாருவது, 2003-ல் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பை உண்மையிலேயே நடத்துவது எல்லாம் அதே மேசையில் இருக்கும் சீட்டுகள்தான். கடலுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஏரி, வீராணம், கிருஷ்ணா நீர் எல்லாமே எங்கோ ஒரு பருவமழையை நம்பியிருக்கின்றன. கடல் அப்படி நம்பியிருக்கவில்லை.

இந்தக் குழப்பத்தில் சென்னை தனியாக இல்லை. ஆஸ்திரேலியாவை 2000-களில் ஒரு நீண்ட வறட்சி வாட்டியது. மெல்போர்ன் நகருக்காக வொந்தாகியில் பெரிய ஆலை எழுப்பினார்கள். வேலை நடக்கும்போதே மழை கொட்டத் தொடங்கிவிட்டது. 2012 டிசம்பரில் ஆலை முடிந்தபோது அணைகள் பெரும்பாலும் நிரம்பியிருந்தன. சோதனை ஓட்டத்துக்குப் பிறகு 2017 வரை நகருக்கு அதிலிருந்து தண்ணீர் போகவில்லை. சிட்னியின் ஆலை 2010-ல் ஓடத் தொடங்கி 2012-ல் நிறுத்தப்பட்டது. 2015 டிசம்பரில் சூறாவளி அடித்து அதன் கூரையைப் பிய்த்தது. தேவையில்லாத ஆலைக்கு இயற்கையே தண்டனை கொடுத்ததுபோல் இருந்தது. 2019 ஜனவரியில் அணை நீர் 60 சதவீதத்துக்குக் கீழே போனதும், பழுதுபார்த்து வைத்திருந்த அதே ஆலை மறுபடி ஓடியது. ஓடுவதா நிற்பதா என்பதை அந்தந்த நேரத்து மனநிலைக்கு விடாமல், அணை மட்டம் இவ்வளவு இறங்கினால் ஓட்டு என்று முன்கூட்டியே விதி எழுதி வைத்திருந்தார்கள். விளைவு தெரிவதற்கு முன்பே எழுதிய விதி என்பதால், அந்த விதி சரியா என்று விவாதிக்கலாம். மழையைக் காரணம் காட்டி மழுப்ப முடியாது.

நெம்மேலியின் இரண்டாவது ஆலைக்கும் வொந்தாகியின் தலையெழுத்தே வாய்த்தது. 15 கோடி லிட்டர் திறன், 1,516 கோடி ரூபாய் திட்டம். ஏரிகள் வறண்டு கிடந்த 2019 ஜூன் 27 அன்று எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். 2024 பிப்ரவரி 24 அன்று மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தபோது மிக்ஜாம் புயலின் வெள்ளம் வடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

எதிர்பார்ப்பு மதிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களுக்குப் போக்கரிலேயே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. சராசரியில் லாபம் தரும் பந்தயம்தான் என்று கையிருப்பு முழுவதையும் ஒரே ஆட்டத்தில் வைக்கும் கெட்டிக்காரர், சராசரி வந்து சேரும் முன்பே ஓட்டாண்டியாகி எழுந்து போவார். டேனியல் பெர்னூலி 1738-லேயே இதைச் சொல்லிவிட்டார்: பணத்தின் மதிப்பு அது யாரிடமிருந்து, எவ்வளவு மிச்சம் இருக்கும்போது போகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு கோடி பேர் வாழும் நகருக்கு, குழாயில் ஒன்றுமே வராத வாரம் என்பது மற்ற நட்டங்களோடு கூட்டிக் கழிக்கக்கூடிய நட்டம் அல்ல. நகரம் மேசையை விட்டு எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. அதனால்தான் ரூபாய்க் கணக்கில் கொஞ்சம் நட்டமாகத் தெரிந்தாலும் ஓர் ஆலையைக் கட்டி வைப்பது புத்திசாலித்தனமாக இருக்கலாம். வண்டிக்குக் காப்பீடு எடுப்பவர்கள் எல்லோரும் சராசரியில் நட்டப்படுகிறவர்கள்தானே.

முடிவை விளைவால் அல்லாமல், அப்போது தெரிந்ததை வைத்து எடை போடும் இந்த அளவுகோலுக்கு உண்மையான சோதனை நெம்மேலி அல்ல, செம்பரம்பாக்கம். 2015 டிசம்பர் தொடங்கும்போது ஏரி கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது. அதற்கு மேல் 47 சென்டிமீட்டர் மழை. விநாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிட்டதாக அரசே சொன்னது. ஆற்றங்கரைக் குடியிருப்புகள் மூழ்கின. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்தியத் தணிக்கை அறிக்கை இதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றது. முன்கூட்டியே திறந்திருக்கலாமே என்ற கேள்வி இன்றுவரை நிற்கிறது.

திறந்துவிட்ட பிறகு மழை ஏமாற்றியிருந்தால்? அடுத்த பருவமழை படுதோல்வி அடைந்ததை நினைத்துப் பார்த்தால், கொட்டிய தண்ணீருக்காக அதே அதிகாரிகளைத்தான் 2017 கோடையில் கூண்டில் ஏற்றியிருப்போம். ஏரியின் மதகில் கை வைப்பவருக்கு இரண்டு விதமான தவறும் காத்திருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே எடை அல்ல. ஏரியில் நாலு அடி குறைந்தால் நகரம் சில வாரத் தண்ணீரை இழக்கும், விலை கொடுத்து வேறு வழி தேடலாம். ஏரி தளும்பி, நள்ளிரவில் மொத்தமாகத் திறக்க நேர்ந்தால் உயிர் போகும். மிகக் கனமழை என்று எச்சரிக்கை இருக்கும்போது, மழை வர நாலில் ஒரு வாய்ப்புதான் என்றாலும், கொஞ்சம் கொஞ்சமாக முன்பே திறப்பதன் பக்கம் தராசு சாயும்.

அதிகாரிகளுக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லித் தப்பவிடவும் இந்த அளவுகோல் உதவாது. போக்கரில் இன்னும் திறக்காத ஐந்தாவது சீட்டு எல்லோருக்கும் மூடியதுதான். ஏரிக்கு எத்தனை கன அடி வரப்போகிறது என்பது அப்படி அல்ல. மழைமானிகள் வைத்து, நீர்வரத்தைக் கணித்து, ஓரளவு முன்பே தெரிந்துகொள்ளக் கூடியது. தெரிந்துகொள்ளக் கூடியதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தது மழையின் குற்றம் ஆகாது. 47 சென்டிமீட்டர் மழை துரதிர்ஷ்டம். கணிப்பு இல்லாமல் மதகடியில் நின்றது முடிவு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் அடுத்த டிசம்பருக்குக் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

கணக்கு யாருடையது என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. நெம்மேலி ஆலை வந்த பிறகு அலை கரையை அரிக்கிறது, படகு நிறுத்த மணல் இல்லை என்று பக்கத்துச் சூளேரிக்காடு மீனவர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். கடலுக்குத் திரும்பும் உப்புநீர் மீன்பாட்டைக் கெடுக்கிறது என்பதும் அவர்கள் புகார். வேளச்சேரியில் குழாய் திறப்பவரின் கணக்குப் பத்தியில் ஆலையின் எதிர்பார்ப்பு மதிப்பு தாராளமாக லாபம். கரையில் வலை உலர்த்துகிறவரின் பத்தியில் மழை பெய்தாலும் பொய்த்தாலும் அது செலவுதான், வறட்சி ஆண்டிலும் அவருக்கு வரவு இல்லை. திட்ட அறிக்கையில் அந்தப் பத்திக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு, மொத்தத்தைக் கூட்டி லாபம் என்று காட்டுவது எளிது. கரைக்குக் கல் போடுவதையும், இழந்த வருமானத்துக்கு ஈடு கொடுப்பதையும் தொடக்கத்திலேயே செலவில் எழுதினால் மொத்தம் கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான். 2023 ஆகஸ்டில் ஜப்பானிய நிதி உதவியோடு 4,276 கோடி ரூபாய்க்கு அடிக்கல் நாட்டிய அடுத்த ஆலை எழுவதும் இதே கடற்கரையில்தான், நெம்மேலியை அடுத்த பேரூரில். அதன் திறன் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர்.